கொள்ளிக்குடம் தூக்கிய பங்காளி

என் தங்க அப்பாவுக்கு,

நீங்கள் காத்திருந்த டிஎன்ஏ பரிசோதனை முடிவு வந்துவிட்டது. உங்கள் கருமாதி முடிந்த நாலாம் நாள், ஹட்டனுக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே போனில் திறந்து பார்த்தேன். வந்து போனவர்களைக் கவனித்தே உடம்பு ஓய்ந்துவிட்டது. எதையும் தாங்கத் தெம்பில்லை அப்பா.

பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கொடுத்தீர்களே, ஞாபகமிருக்கிறதா? "இதுல எங்க தாத்தா ஊரு தெரிஞ்சிருமா புள்ள?" என்று கேட்டீர்கள். ஊர் தெரியாது, ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும், அதை வைத்து எந்தப் பழைய ஆண்வழி என்று சொல்வார்கள் என்றேன். ஹாப்லோகுழு என்று அதற்குப் பெயர். இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த கங்காணியின் வம்சம் நாம் என்பதை எழுத்தில் பார்த்தால் போதும் என்றீர்கள். அதற்காகவே அந்தக் கங்காணியின் நேர்வழியில் வந்த நம் பங்காளி செல்வராஜ் அண்ணனையும் கொடுக்க வைத்தீர்கள்.

ஒத்துப்போகவில்லை அப்பா. உங்களுடையது எச், அவருடையது ஆர். பல்லாயிரம் வருடங்களாக இரண்டுக்கும் பொதுவான அப்பன் கிடையாது.

என்னதான் நடந்திருக்கும்? ஆள் கூட்டி வந்த கங்காணி, வழியில் தாய் தகப்பனை இழந்த ஒரு பிள்ளையை, உங்கள் தாத்தாவை, தன் மகன் என்று தோட்டத்தில் பெயர் பதிந்திருப்பாரோ? அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். வேறு யாரைக் கேட்பது?

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மகன் இல்லாத உங்களுக்குக் கொள்ளிக்குடம் தூக்க நான் முன்னால் வந்தபோது, பங்காளி இருக்கையில் பொம்பளைப் பிள்ளை எதற்கு என்று தள்ளி நிறுத்தினார்கள். குடத்தைத் தூக்கிய அண்ணனும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் அக்கரப்பத்தனையில் அவருடைய லயத்து வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பிறகு தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"பெரியப்பாவுக்கு எடுத்த மொட்ட இன்னும் மொளைக்கல. இப்ப வந்து நான் யாரோங்குறியே தங்கச்சி, நான் எங்க போறது?"

கொண்டுபோன கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து அழுதோம். கிளம்பும்போது, அன்றைக்கு உன்னைத் தூக்க விட்டிருக்கலாம் என்றார்.

எந்த ஊர் என்று தெரியாமலே போய்விட்டீர்கள். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். வருடத் திதிக்கு எள்ளும் தண்ணீரும் நானும் அண்ணனும் சேர்ந்துதான் இறைப்போம். உங்கள் ஒய் குரோமோசோம் எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை அப்பா.

இப்படிக்கு,
செல்வராஜ் அண்ணனின் தங்கச்சி,
உங்கள் மகள் புவனா