திங்கட்கிழமைத் தூக்குச்சட்டியில் என்ன வைப்பது?

அனுப்புநர்:
ந. அழகுத்தாய் (வயது 47),
க/பெ. நல்லமுத்து,
நான்காம் லயம், வீட்டு எண் 7,
காற்றாடிமேடு ஏலத்தோட்டம்,
உடும்பஞ்சோலை தாலுகா, இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
மருத்துவ அலுவலர் அவர்கள்,
குடும்ப ஆரோக்கிய மையம்,
காற்றாடிமேடு.

பொருள்: சர்க்கரை நோயாளியான என் கணவர் எதை, எப்போது சாப்பிட வேண்டும் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னதில் அவர் உயிர் போகப் பார்த்தது – தமிழில் தெளிவான ஒரே வழிமுறை எழுதித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் மையத்தில் மாதந்தோறும் இரண்டாம் வியாழன் நடக்கும் சர்க்கரை வகுப்பு.
2. ‘பதினாறுக்கு எட்டு’ என்னும் வாட்ஸ்அப் குழு.

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

1. நான் மேற்கண்ட தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்திருக்கிறேன். இந்த மனுவை யாரும் எழுதித் தரவில்லை, இதில் உள்ள பிழைகள் என் சொந்தப் பிழைகள். முதலில் ‘புகார்’ என்றுதான் தலைப்புப் போட்டேன். யார் மேல் புகார் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. தாங்கள் படித்துவிட்டு, குற்றம் யாருடையது என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

2. என் கணவர் நல்லமுத்துவுக்கு வயது 52. அதே தோட்டத்தில் பழைய தண்டை அறுக்கும் கவாத்து வேலை, மருந்தடிப்பு வேலை. மூன்று வருடமாகச் சர்க்கரை வியாதி. தங்கள் மையத்தில் கொடுக்கும் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போட வேண்டும் என்பது உத்தரவு. ஆறு மணிக்கு என் கையால் எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் தவறியதில்லை. மாத்திரை அட்டை இத்துடன் இணைத்துள்ளேன், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

3. வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிஸ்டர் சிவசங்கரி தமிழில் நன்றாக விளக்குவார். அவரைக் குறை சொல்ல இந்த மனு இல்லை. சோற்றைக் குறை, பாதித் தட்டுக்குக் காய் வை, பயறு சேர், கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கையும் உருளைக்கிழங்கையும் பரோட்டாவையும் விடு, சீனியை விஷமென்று நினை. எல்லாம் எனக்கு மனப்பாடம். வகுப்பில் முதல் வரிசை நாற்காலி என்னுடையது. வீட்டில் இருந்த சீனி டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என் தங்கை மகள் கல்யாணப் பந்தியில், நாலு பேர் பார்க்க, அவர் கையிலிருந்த பாயசக் கப்பைப் பிடுங்கி வைத்தேன். சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். நான் கவலைப்படவில்லை. உயிரா பாயசமா?

4. ஆனால் ஐயா, வகுப்பில் போட்டிருக்கும் தட்டுப் படம் மேசை மேல் இருக்கும் தட்டு. எங்கள் தட்டு காட்டில் இருக்கிறது. மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்தால் ஆளாளுக்குத் தூக்குச்சட்டியைத் திறந்து, ஒருவர் கொண்டுவந்ததை ஒருவருக்கு ஒரு பிடி வைப்பது எங்கள் வழக்கம். வேண்டாம் என்று கையை மறித்தால் சண்டைக்காரி என்று பேர். நான் பீன்ஸ் பொரியல் வைத்து அனுப்புவேன். அது மற்றவர்கள் வயிற்றுக்குப் போகும். அவர் வயிற்றுக்குக் கப்பையும் மீன்குழம்பும் வந்து சேரும். இந்தத் தட்டில் பாதி எங்கே, கால் எங்கே என்று நான் எப்படிக் கோடு போடுவது?

5. அதற்கும் மேல் அறிவுரை. கேப்பைக் களி நல்லது என்று ஒரு வீடியோ. கேப்பையும் சர்க்கரையை ஏற்றும் என்று அதே ஆள் அடுத்த வாரம் இன்னொரு வீடியோ. அரிசியே கூடாது, கறியும் நெய்யும் மட்டும் சாப்பிடு என்கிறார் ஒருவர். கறியே கூடாது, பழம் மட்டும் சாப்பிடு என்கிறார் மற்றொருவர். வாழைப்பழம் மட்டும் கூடாதாம். பிறகு எதைத்தான் பழம் என்கிறார் என்று தெரியவில்லை. எல்லோரும் வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் சிரித்த முகமாகச் சொல்கிறார்கள். இதில் யார் டாக்டர், யார் வியாபாரி என்று எனக்கு விளங்கவில்லை.

6. இந்த நேரத்தில்தான் எங்கள் சூப்பர்வைசர் பூபதிராஜா ‘பதினாறுக்கு எட்டு’ குழுவைத் தொடங்கினார். பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு. மூன்று மாதத்தில் அவர் பதினோரு கிலோ குறைந்தார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டதை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர் நல்ல மனிதர், அதையும் எழுதிவிடுகிறேன். அவருக்குச் சர்க்கரை வியாதி இல்லை, அவர் ஜீப்பில் போகிறவர் என்பதெல்லாம் அப்போது எங்கள் மண்டைக்கு ஏறவில்லை. மே 31 சனிக்கிழமை முதல் என் கணவரும் காலைச் சாப்பாட்டை நிறுத்தினார். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், காலையில் எனக்கு ஓர் அடுப்பு வேலை மிச்சம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

7. மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. டாக்டர் சொன்னது ஆயிற்றே. ஆக ஆறு மணிக்கு மாத்திரை தங்கள் சொல்படி. பன்னிரண்டரை வரை பட்டினி குழுவின் சொல்படி. இருவர் சொல்லையும் ஒரு குறைவும் இல்லாமல் கேட்ட மனிதர் இந்தத் தோட்டத்தில் என் கணவர் ஒருவர்தான். திங்கட்கிழமை கண் இருட்டுகிறது என்றார். கொழுப்பு கரைந்தால் அப்படித்தான் இருக்கும் என்று குழுவில் பதில் வந்தது.

8. ஜூன் 3 செவ்வாய், பதினொரு மணி இருக்கும். அவர் மேல்காட்டில் கவாத்து அறுத்துக்கொண்டிருந்தார், நான் இருபதடி கீழே களை பறித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அப்படிப் பேசியவரில்லை. ஏறிப் போய்ப் பார்த்தேன். மழைத் தூறலில் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கத்தி கையில் நிற்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

9. என்னுடன் வேலை செய்யும் சுருளியம்மாள் தன் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பால் ஊற்றாத அவள் கட்டன் சாயாவில் மூன்று கரண்டி சீனி இருக்கும் என்பது தோட்டத்துக்கே தெரியும். “ஏத்தா, வெறும் வயிறு, ஒரு மடக்குக் குடிக்கட்டும்” என்று டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனாள். நான் தட்டிவிட்டேன். “எம் புருசனக் கொல்லவா பாக்குற?” என்று கத்தினேன். சாயா முழுவதும் மண்ணில் போயிற்று. அவள் மறுபடி ஊற்றினாள். மறுபடி தட்டிவிட்டேன். பச்சைத் தண்ணீர் கொடுத்தேன். அந்த நிமிஷம் எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது ஐயா. வகுப்பில் கற்றதை மறக்காமல் செய்தேன் என்ற பெருமை. ஜீப் வந்து நிற்கும்போது அவருக்கு நினைவில்லை.

10. ஆஸ்பத்திரி போய்ச் சேர நாற்பது நிமிஷம். விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை வெறும் முப்பத்திநாலு என்றார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நிமிஷத்தில் கண் திறந்து, “கத்திய எங்க வச்சேன்?” என்று கேட்டார். நினைவு இருக்கும்போதே இனிப்பாக ஒரு வாய் கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே, பக்கத்தில் யாருமே இல்லையா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். வழி முழுவதும் என் கணவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் சுருளியம்மாள். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் வாய் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. இந்த மனுவில்தான் முதல்முறையாக எழுதுகிறேன்.

11. சுருளியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வகுப்புப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. அன்று அவள் சரி, முதல் வரிசையில் உட்கார்ந்த நான் தப்பு. ஆனால் அதே மூன்று கரண்டிச் சாயாவை அவள் தினமும் கொடுத்தால் அதுவும் தப்பு என்கிறார்கள். அப்படியென்றால் எந்த நேரம் சீனி விஷம், எந்த நேரம் அது மருந்து? வேர்த்தால் கொடுக்க வேண்டுமா? கவாத்து அறுக்கிறவனுக்கு எப்போதும் வேர்க்கும். மயக்கம் வந்தால் கொடுக்கலாமா? மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எந்த இடத்தில் கோடு என்று எனக்குக் காட்டித் தர ஆளில்லை.

12. மாத்திரை போட்டால் அரைமணியில் கட்டாயம் சாப்பிட வேண்டும், பட்டினி கூடவே கூடாது, சட்டைப் பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும் என்றும் அங்கே சொன்னார்கள். வெல்லக்கட்டியைத் தாளில் மடித்து அவர் பையில் வைத்தேன். அவர் அதைத் தேளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். மூன்று வருடம் நான் போட்ட சத்தம் அப்படி. பூபதிராஜா வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டார். குழுவை மட்டும் கலைக்கவில்லை, மற்றவர்களுக்கு எடை இறங்கியிருக்கிறதே என்கிறார். அதுவும் உண்மைதான். உண்மையெல்லாம் இப்படி ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

13. இன்று இரண்டாம் வியாழன், வகுப்பு நாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக நான் வரவில்லை. முதல் வரிசையில் உட்கார எனக்கு முகம் இல்லை. வகுப்புக்குப் பதிலாக இந்த மனுவைக் கொடுத்து அனுப்புகிறேன்.

14. ஆகவே தாங்கள் தயவு செய்து, காலை ஏழரைக்குக் காட்டில் நின்று வேலை செய்கிற சர்க்கரை நோயாளி எத்தனை மணிக்கு என்ன சாப்பிட வேண்டும், ஒரு பிடி வாங்கி ஒரு பிடி கொடுக்கும் பந்தியில் எதற்குச் சரி சொல்லி எதற்குக் கையை மறிக்க வேண்டும் என்று தமிழில் எழுதி, தங்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மாத்திரை போட்டவர் வேர்த்து, நடுங்கி, புத்தி தடுமாறினால் முதலில் என்ன செய்வது என்பதைப் பெரிய எழுத்தில், படத்துடன், நாங்கள் பறித்த ஏலக்காயை எடை போடும் கொட்டகையில் ஒட்ட வேண்டும். சுருளியம்மாளுக்கும் புரிகிற படமாக இருக்கட்டும். அதை ஒட்டுகிற அன்று, அவள் பக்கத்தில் நின்று, நான் தட்டிவிட்டது என்ன என்று அவளிடமே சொல்லி மன்னிப்புக் கேட்பேன். அதற்கு முன் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

15. அவசரம் ஏனென்றால், வரும் திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்புகிறார். என் சமையலை என்னவென்று கேட்காமல் இருபத்தாறு வருடம் சாப்பிட்ட மனிதர் அவர். இப்போது தட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். “இதச் சாப்பிடலாமா அழகு?” என்று கேட்கிறார். சாப்பிடலாம் என்று சொல்கிறேன். உடனே சாப்பிடுகிறார். எனக்குத் தெரியாது ஐயா. தெரியாமலேதான் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

தங்கள் பதிலுக்காக அடுப்படியில் காத்திருக்கும்,
ந. அழகுத்தாய்
(கையொப்பம்)

இடம்: காற்றாடிமேடு
நாள்: 12.06.2025

இணைப்பு: 1. மாத்திரை அட்டை. 2. ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல். 3. வகுப்பில் நான் எழுதிய நோட்டு (திருப்பித் தரவும். தவறானதை அடித்துவிட்டுத் தரவும்).