ஊதாப்பூ கேட்ட கேள்வி

மூலக்குளம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சிந்துஜாவுக்கு அம்மா எழுதுவது. காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்து, குழு திரும்பி வந்துவிட்டதா என்று பார்த்தேன், வரவில்லை, அதற்குப் பிறகுதான் வாசல் தெளிக்கப் போனேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், புனேவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும், மழையில் நனைந்துபோய் அதே ஈரத்தோடு ஆபீஸ் ஏசியில் உட்காராதே.

எங்கள் குழுவை மூடிவிட்டார்கள். மார்புப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன பெண்களுக்காகப் போனில் நான் தொடங்கினேனே, அதுதான். உள்பாடிக்குள் வைத்துக்கொள்ளும் துணிப்பையை எப்படி வெட்டித் தைப்பது, கனத்துக்கு எதை நிரப்புவது என்று போன வாரம் ஒருத்தி போட்டுக் காட்டிப் படம் போட்டாள். கேழ்வரகு போட்டா மழைக்காலத்துல மொளச்சிக்கும்டி, கடுகே போடு என்று இன்னொருத்தி எழுத, அன்றைக்கெல்லாம் அதே சிரிப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தால் குழுவே இல்லை, ஆபாசப் படம், விதிமீறல் என்று இரண்டு வரி மட்டும் இருந்தது. மறுபடி பாருங்கள் என்று எழுதிப் போட்டேன், காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது, பார்த்தாயிற்றாம், முடிவில் மாற்றமில்லையாம். அதற்குள் எந்த மனிதர் உட்கார்ந்து பார்த்திருப்பார்? அப்பாவிடம் சொன்னால், கடக்காரன் கடைய மூடிட்டா நாம என்னா கமலா பண்றது, வேற கடைக்குப் போவோம் என்று சொல்லிவிட்டு வண்டி துடைக்கப் போய்விட்டார். வேறு கடைக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவது? மாமியாருக்குத் தெரியக்கூடாது, சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று ஆளாளுக்கு ஒரு பொய்ப்பெயர், ஒருத்தி தக்காளி, ஒருத்தி சாமந்தி, நான் கல்கண்டு. போன் நம்பர் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்பதுதான் எங்கள் முதல் விதியே. இப்போது எவளை எங்கே போய்த் தேடுவேன்.

அதில் ஊதாப்பூ என்று ஒருத்தி. இந்த ஊர்தான், கைக்குழந்தைக்காரி, உன்னைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். நாளைக்கு இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். நான் போகமாட்டேன் என்று அவள் எழுதுவதும், நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிறுத்துவதுமாக இருந்தது. வியாழன் மதியம் ஒன்று கேட்டாள், அதுக்கப்புறம் எம்புள்ளைய என்னால தூக்க முடியுமாக்கா என்று. நான் பதில் எழுதி அனுப்பினேன், போகவில்லை, குழுவை மூடிய நேரம் அதுதான் போலிருக்கிறது. குழு போனது அவளுக்குப் புரிந்ததோ, இல்லை இவர்களும் நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தாளோ. துணி அலசும்போதும் இதே நினைப்பு, நேற்று, ஏற்கெனவே உப்பு போட்ட குழம்பிலேயே மறுபடி உப்பு போட்டேன்.

நேற்றுக் கருவடிக்குப்பத்திலிருந்து உன் அமிர்தவல்லி அத்தை வந்திருந்தார். ஐப்பசியில் கல்யாணம் பேசி முடிக்கலாம் என்று சிலம்பரசன் வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உனக்கும் அவரைப் பிடித்திருக்கிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அத்தை என்னைச் சமையல்கட்டுக்குள் கூட்டிப்போய், இந்தாம்மா கமலவேணி, ஒனக்கு வந்தது தெரிஞ்சா நாளைக்கிப் பொண்ணுக்கும் வரும்னு சொல்லிடுவாங்க, தாலி ஏறுற வரைக்கும் வாயத் தொறக்காத என்றார். அதற்காகத்தானே நான் சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டேன், சிலம்பரசனின் அம்மா இங்கே அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், இந்த ஆபரேஷன் வார்டிலேயே நர்ஸ் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. தலையை ஆட்டி வைத்தேன். அவர் போன பிறகு நிலைகொள்ளவில்லை, மாடிக்கும் கீழுக்கும் சும்மா நடந்தேன்.

நீயும் பரிசோதனைக்குப் போவதாகச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போடுகிறாய், இந்த மாதமே போய்விட்டு வா, மறக்காதே. நினைத்த வாழ்க்கை உனக்கு அமைந்து, நோய் நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய், அட்மிஷன் போடும் இடத்தில் நிற்கப்போகிறேன். குழந்தையோடு வருகிற ஒவ்வொருத்தியிடமும் என் சொந்தப் பெயரைச் சொல்லி, கல்கண்டு நான்தான், எனக்கும் எடுத்துவிட்டார்கள் என்று சொல்லப்போகிறேன். சிலம்பரசனின் அம்மா பார்த்துக் கேட்டால் அவரிடமும் இதையேதான் சொல்வேன். இது உன் கல்யாணத்தையும் தொடும் என்று தெரியாமல் இல்லை. போனில் சொன்னால் நீ வேண்டாம் என்பாய், நானும் கேட்டுக்கொள்வேன். இது உன் கைக்கு வரும்போது, தூக்கலாம்மா, கொஞ்ச நாள் பொறுத்துத் தாராளமாகத் தூக்கலாம் என்று அவளிடம் சொல்லியிருப்பேன்.

உன் அம்மா,
கமலவேணி