தம்பியிடம் நான் கேட்டது

12 மார்ச் 1934, திங்கள். பிரிக்பீல்ட்ஸ்.

அப்பா மேல் கோபம் இன்னும் அடங்கவில்லை. சிங்கப்பூரில் டாக்டருக்குப் படிக்கும் தம்பி ஜேம்ஸ், பரீட்சையில் தவறி என் வீட்டுக்கு வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இன்று காலை கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டி, "நீயே வச்சுக்க அக்கா, எனக்கு இனிமே எதுக்கு?" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்: "செத்துடலாம்னு நினைக்கிறியா, தம்பி?"

"ஆமாக்கா" என்று சொல்லி என் தோளில் சாய்ந்து அழுதான். அழுது முடித்துக் கொஞ்சம் கஞ்சி குடித்தான்.

சாயங்காலம் கிள்ளானிலிருந்து வந்த அப்பா என்னைத்தான் ஏசினார். "அதையெல்லாம் வாய் விட்டுக் கேப்பாங்களா? இல்லாத எண்ணத்தை நீயே ஊட்டுறே. வெளியே தெரிஞ்சா மானம் என்னாகும்?"

நான் கேட்டதாலா எண்ணம் வந்தது? "தோற்றவன் என் வாசற்படி மிதிக்கக்கூடாது" என்று அவனிடம் சொன்னது யார்? பிள்ளை உயிரோடு இருந்தால்தானே மானம்.

"நாளைக்கு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்பா. அதுவரைக்கும் அவனைத் தனியா விடமாட்டேன்" என்றேன். அப்பாவை எதிர்த்துப் பேசியது இதுவே முதல் தடவை.

அவர் கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலுக்குப் போகவில்லை. கூடத்தில் ஜேம்ஸ் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். படுக்கட்டும். அதற்கப்புறம் நான் அவரோடு பேசவில்லை.