அப்பாவை மேடிசனிலேயே நிறுத்தி வைத்தது

ஆற்றங்கரைப் பண்ணை, விஸ்கான்சின்
1874 ஏப்ரல்

அன்புள்ள ஹல்டாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மாடுகளும் சுகம், உன் அண்ணன் ஈதன் பல்வலியோடு சுகம். ஓரிகானில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

உன் அப்பா மேடிசனில் இருக்கும் சட்டசபைக்குப் போனாலும் போனார், வீட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு வேண்டுமென்றால்கூட எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் கேட்கிறார். முப்பது வருஷம் ஏர் பிடித்த மனுஷனுக்கு உயரத் தொப்பி வேறு. அதைப் பார்த்து நம் கிழட்டுக் குதிரை மிரண்டு வேலியை உடைத்தது. மரியாதை தெரியாத மிருகம் என்று திட்டினார். “அதுக்கும் ஓட்டு இருந்திருந்தா நீங்க தோத்திருப்பீங்க”என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வசந்தத்தில் போதகர் வீலக்கின் மனைவி ரூத் பிரசவ வலியில் கிடந்தபோது, ஆற்று வெள்ளத்தில் படகு விட முடியாமல் டாக்டர் அக்கரையிலேயே நின்றார். ரூத்தும் போனாள், பிள்ளையும் போயிற்று. அதற்காகத்தான் பாலம் கேட்டு அப்பா மசோதா கொண்டுவந்தார். படகுத்துறை முதலாளியின் ஆட்களோ ஓட்டெடுப்பை வாராவாரம் தள்ளிப்போட்டார்கள். பனி உருகி மேப்பிள் மரத்தில் சாறு ஓட ஆரம்பித்தால் விவசாயி உறுப்பினர்கள் பாகு காய்ச்ச வீட்டுக்கு ஓடிவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். உன் அப்பாவை எனக்கும் தெரியும், முதல் ஆளாய் ஓடி வருவார்.

மார்ச் மாதம் ஒருநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. அன்றைக்குத்தான் போதகர் திருச்சபை வேலையாய் மேடிசனுக்குக் கிளம்பினார். சாறு இறக்க ஈதன் துளைபோடும் கருவியோடு மரத்தடிக்கு ஓடினான், காதைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன். “நம்ம தோப்புல இதுவரைக்கும் ஒரு சொட்டுகூட இறக்கலன்னு அவர்கிட்ட சொல்லுங்க ஐயா”என்று போதகரிடம் சொல்லி அனுப்பினேன். அதில் பொய் எங்கே இருக்கிறது, சொல். அவருடைய பனிச்சறுக்கு வண்டி சாலை வளைவைத் தாண்டியதும் அத்தனை மரத்திலும் துளை போட்டோம்.

போதகரே சொல்கிறார் என்று அப்பாவும் ஆற்றோரத்து உறுப்பினர்கள் இரண்டு பேரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பாலம் ஜெயித்தது! வீடு வந்து பாகுப் பீப்பாய்களைப் பார்த்த அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பான்கேக் சுட்டேன், பேசினார்.

போதகர் முகத்தில் விழிக்கத்தான் எனக்குப் பயம். தேவ ஊழியரைக் கருவியாக்கி ஊரை ஏமாற்றிவிட்டேனே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மன்னிப்புக் கேட்டேன். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். “போற வழியெல்லாம் மரத்துல சாறு சொட்டுறதப் பாத்துக்கிட்டேதான் போனேன், சகோதரி. நீங்க சொன்னத மட்டும் அங்க சொன்னேன்”என்றார். ரூத்தின் கல்லறைப் பக்கம் நடந்து போய்விட்டார். நான் அங்கேயே நின்று அழுதேன்.

குழந்தைக்குக் காது மூடித் தொப்பி போடு. போதகருக்கும் தெரிந்தேதான் இருந்தது என்பதை அப்பாவுக்கு எழுதிவிடாதே, அடுத்த தேர்தலிலும் அவரை நிறுத்த வேண்டியிருக்கிறது. கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக.

உன் அம்மா,
லவினா