கூமாப்பட்டிப் பூதம்

ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. இன்றுதான் முதன்முறையாகப் பகடைக் கதை விளையாட்டை நானே நடத்தினேன். கதை சொல்வது நான், வீரர்கள் என் சிநேகிதிகள். வெட்டு விழுமா விழாதா என்பதைப் பகடை சொல்லும். அய்யனார் கோவில் அருவிக்குப் பின்னால் ஒரு குகை, வாசலில் காவல் பூதம். அதற்கு எத்தனை வெட்டு தாங்கும் என்ற உயிர்ப் புள்ளிகளும் ஒரு கத்தியும் மட்டுமே யோசித்து வைத்திருந்தேன்.

சிநேகிதிகளில் செல்விக்கு நிஜத்திலேயே போலீஸ் வேலை. இருபது பக்கப் பகடையில் உச்சமான இருபதே விழுந்ததும் பூதத்தை வெட்டாமல் மடக்கிப் பிடித்து விசாரணையை ஆரம்பித்துவிட்டாள்.

"ஏலே, பேரு என்ன? எந்த ஊரு?"

"முத்து. கூமாப்பட்டி" என்று பூதத்துக்காக உளறினேன்.

"வீட்ல யாரு இருக்கா?"

"அம்மா மட்டுந்தாங்க்கா."

அதற்குப் பிறகு ஒருத்திக்கும் அவனை வெட்ட மனசு வரவில்லை. "எங்ககூட வாரியாலே?" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் யோசித்த சண்டை அத்தனையும் வீண். எனக்கோ கால் தரையில் பாவவில்லை.

முத்து என்ன வேலைக்குப் போனான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா?