ஊதாத் துணி இல்லாதவர்கள்

மொகோலா, இபாதான்
3 மார்ச் 1997

அன்புள்ள சிஜுவாடே அக்காவுக்கு,

சனிக்கிழமை ஆலாபி வீட்டுக் கல்யாணத்தில் என் பரிமாறும் பெண்கள் உங்களுக்குத் தட்டு வைக்காமல் தாண்டிப் போய்விட்டார்கள். நடந்தது அதுதான். "ஊதாத் துணி உடுத்தினவங்களுக்கு மட்டும்தான் சாப்பாடு" என்று, விருந்தாளிகள் வாங்கி உடுத்த அந்தத் துணியைத் தேர்ந்தெடுத்த பெண்வீட்டார் சொன்னார்கள். அதை அப்படியே என் பெண்களிடம் சொன்னவள் நான். அந்தத் துணியைக் கல்யாணத்துக்கே விற்ற நீங்கள் அதை உடுத்தாமல் வருவீர்கள் என்று யார் கண்டது?

நேரில் வந்தால் கதவைச் சாத்துவீர்கள், எனவே கடிதம். குளிர் அறை கட்ட வங்கியில் கடன் கேட்டால், "புருஷன் கையெழுத்து, இல்லேன்னா நிலப் பத்திரம்" என்கிறார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு ஜாமீன் போதும்; வெள்ளிக்கிழமை கடைசி நாள். இந்த வெயிலில் இன்னொரு முறை இறைச்சி கெட்டால் விருந்துச் சமையல் தொழிலையே மூட வேண்டியதுதான். விறகுப் புகையில் கண்ணை மூடினால் ஒரு குளிர் அறை தெரிகிறது அக்கா, வெள்ளையாக, உள்ளே பனி மெல்ல இறங்கிக்கொண்டு.

ஜாமீன் கையெழுத்துப் போடுவீர்களா?

தங்கள்
மொரெனிகே


டுக்பே கடைவீதி
4 மார்ச்

மொரெனிகே,

அந்த ஊதாவில் கடைசி ஐந்து கெஜம் எனக்கென்று வைத்திருந்தேன். கல்யாணத்தன்று காலையில் ஒருத்தி ஓடிவந்து இரட்டை விலை சொன்னாள். கொடுத்துவிட்டேன். வியாபாரி அல்லவா.

மண்டபம் கனவில் வருவது போலிருந்தது. எங்கும் ஊதா, நடுவே பச்சையில் நான். தட்டுகள் தண்ணீரில் மிதப்பதுபோல் என் பக்கம் வரும், விலகும். "பாப்பா, நான் இங்கதான் இருக்கேனா?" என்று பரிமாறிய பெண்ணைக் கேட்டேன். "துணி எங்கம்மா?" என்றாள். என்னைப்போல் முப்பது பேர் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் நாளைக்குக் கல்யாணம் வைப்பார்கள். உன் சோற்றின் ருசியே தெரியாதவர்கள் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள்?

நீ கடனைக் கட்டத் தவறினால் என் கடை போகும். தெரிந்தே கையெழுத்துப் போடுகிறேன். பதிலுக்கு, இனி நீ ஒத்துக்கொள்ளும் விருந்துகளில் நூறு தட்டுக்குப் பத்து, துணி வாங்காதவர்களுக்கு. பெண்வீட்டாரிடம் முதலிலேயே பேசிவிடு.

சிஜுவாடே


மொகோலா
5 மார்ச்

அக்கா,

பத்துக்கு எந்த வீட்டாரும் மசிய மாட்டார்கள். ஐந்து. உங்கள் தட்டு தனி. நானே கொண்டுவந்து வைப்பேன்.

மொரெனிகே


டுக்பே
6 மார்ச்

மொரெனி,

என் தட்டைப் பற்றி நான் பேசவில்லை. நாளை பத்து மணிக்குச் சங்கத்துக்கு வருகிறேன். நூறுக்கு எட்டு, கறியோடு. கடன் தீரும் வரைக்கும் அல்ல. நீ அடுப்பு மூட்டுகிற காலமெல்லாம்.

உன் அக்கா