மண்ணெண்ணெய்க் கோடு

இணுவில்

அன்புள்ள மகன் ரூபனுக்கு,

கந்தசுவாமியார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் என்னை முழுதாகக் கதைக்க விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓய்வாக இருங்கள் என்று நீ சொன்னபோது அப்பா ஓமென்றாரே, அது மனதோடு சொன்னதில்லையடா. தண்ணீர் இறைக்கும் சின்ன மெஷின் இழுவையில்லாமல் போய், நட்ட வெங்காயம் கண்முன்னே வாடியதால் சொன்னது. போன மாதம் மெஷினுக்குள் பொறி விழுத்தும் பொயின்ற் தேய்ந்துவிட்டதென்று புதிது வாங்கி அவரே பூட்டினார். சண்டை முடிந்தபிறகு சுன்னாகத்து மெக்கானிக் மரியரட்ணம்தான் பூட்டித் தருவார், அவர் இப்போது கொழும்பில் மகளோடு. பூட்டிய நாளிலிருந்து மெஷின் கொதிக்கிறது, தண்ணீர் பாதித் தோட்டத்தைத் தாண்டாது. மூன்று தரம் கழற்றிப் பூட்டிவிட்டு, மெஷினும் முடிஞ்சுது நானும் முடிஞ்சன் என்று கதிரையில் இருந்துவிட்டார். பக்கத்துத் தோட்டக்கார ஜெயசுதன் வெள்ளிக்கிழமை குத்தகை பேசி முடிக்க வருவதாக இருந்தது.

வியாழன் காலை நானே மெஷின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், சிரிக்காதே. உள்ளே சுழலும் சக்கரத்தில், பொறி விழவேண்டிய இடத்தைக் காட்ட இரண்டு கோடு. ஒன்று கொம்பனி போட்டது. மற்றது, சண்டைக் காலத்தில் பெற்றோல் கிடையாமல் மண்ணெண்ணெயில் ஓட்டியபோது, பொறி கொஞ்சம் பிந்தி விழவேண்டுமென்று அப்பா ஆணியால் கீறியது. அன்றைக்கு மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தவளே நான்தான். மனுசன் அந்தக் காலத்துக் கைப்பழக்கத்தில் அந்த மண்ணெண்ணெய்க் கோட்டுக்கே டைமிங் வைத்திருக்கிறார்! கூப்பிட்டு, "இஞ்சை பாருங்கோ, இப்ப ஊத்திறது பெற்றோல்" என்றேன். குனிந்து கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு ஊதுபத்திப் பெட்டிக்குள் இருந்த மெல்லிய தாளைப் பொயின்றுக்குள் வைத்து, அதன் நுனியை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தை மெல்லத் திருப்பினார். கொம்பனிக் கோடு மெஷின் உடம்பிலுள்ள அடையாளத்துக்கு நேரே வரும்போது பொயின்ற் விரிந்து தாள் நழுவும்வரை பொயின்றைத் தட்டித்தட்டிச் சரிசெய்து இறுக்கினார். கயிற்றை இரண்டாம் தரம் இழுத்ததும் மெஷின் பிடித்தது, தண்ணீர் கடைசிப் பாத்தி வரைக்கும் ஓடிற்று. சேற்றுக்குள் நின்றபடியே ஜெயசுதனுக்குப் போன் எடுத்து, "தம்பி, காணி தாறேல்லை, குறை நினையாதை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

ஆகவே குத்தகை என்ற பேச்சை இனி எடுக்காதே. முருகன் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, அப்பாவோடு கதைக்கும்போது கோடு பற்றி வாயே திறக்கக்கூடாது. கடைக்காரன் பிழையான பொயின்ற் தந்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், நானும் ஓமென்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
குணலட்சுமி